அஞ்சு

அம்மாபேட்டையில் எங்கள் தெருவுக்கு வந்த
புது சப்-இன்ஸ்பெக்டர்
வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி கேட்டார்:
ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டுச்சா?

இருபத்தாறு வீட்டிலும் ஒரே பதில்:
தறி ஓடுதுங்க சார்,
இடி விழுந்தாலும் கேக்காதுங்க.

பெரும்பாலான ராத்திரிகளில் அது பொய்யில்லை.
விசைத்தறித் தெருவில்
புருஷன் பெண்டாட்டி சண்டையே பாதி சைகையில்தான் நடக்கும்.
குழந்தை அழுகிறதா கொட்டாவி விடுகிறதா என்று
கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை
ஒன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.
அத்தனை தறியும் நின்றது.
காது முதலில் வலித்தது.
பிறகு திறந்தது.

நாய் சாக்கடையில் தண்ணீர் நக்குவது கேட்டது.
ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் லாரி கியர் மாற்றியது.
பிறகு
ஏகாம்பரத்தின் கொலுசுப் பட்டறை ஷட்டர்
மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது.
பூட்டு விழுந்தது.
உடைத்துத் திருடியவன் பூட்டிவிட்டா போவான்?
மூட்டை தோள் மாறியபோது
வெள்ளி வெள்ளியோடு உரசியது.
இன்னும் சலங்கை பற்றவைக்காத கொலுசு
என்பதுகூடத் தெரிந்தது எங்களுக்கு.

அடுத்து ஸ்கூட்டர்.
தறிச் சத்தத்தை நம்பி வந்த வண்டி.
ஒரு உதை.
இரண்டு. மூன்று.
கொஞ்சம் மூச்சு வாங்கி, நான்கு.
ஐந்தாவது உதையில்தான் உயிர் வரும் வண்டி
எங்கள் தெருவில் ஒன்றே ஒன்று.

அவர் பெயரை எழுத மாட்டேன்.
தமிழரசியின் பிரசவச் செலவு அவருடையது.
பூங்காவனம் மகனின் பாலிடெக்னிக் ஃபீஸ் அவருடையது.
போன ஆடிப் பண்டிகைக்கு நான் பாவு நூலுக்கு வாங்கிய
பன்னிரண்டாயிரம்
இப்போது எவ்வளவு என்று அவர் நோட்டுக்குத்தான் தெரியும்.
பட்டறையின் ஒரு சாவிகூட
வட்டிக்கு ஈடாக அவரிடம் இருந்தது என்பார்கள்.
ஏகாம்பரமே அதைச் சொல்லவில்லை,
நான் யார் சொல்ல?

லைன்மேன் சென்றாயனுக்கும் தெரியும்.
டிரான்ஸ்பார்மர் அடியில் நின்றவரை உரசிக்கொண்டுதான்
அந்த வண்டி போனது.
அவரை யாரும் கேட்கவில்லை.
கேட்டால், டார்ச் லைட் பல்லில் இருந்தது, பேச முடியவில்லை என்பார்.
ஒன்று ஐம்பத்தொன்றுக்குக் கரண்ட் வந்தது.
நாங்கள் எல்லோரும் மறுபடி செவிடானோம்.

மூன்றாம் நாள் சுக்தேவைப் பிடித்தார்கள்.
எட்டாம் தறி ஓட்டுகிற பிகார் பையன்.
புதன்கிழமை காலையில் ஊருக்கு நாலாயிரம் அனுப்பியிருந்தானாம்.
செவ்வாய்க்கிழமை எங்களுக்குச் சம்பள நாள்
என்பதை
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அந்தப் பதினோரு நிமிடமும்
அவன் என் வாசலில் நின்றான்.
வேர்வையோடு வந்து தண்ணி கேட்டான்,
சொம்பில் கொடுத்தேன்.
குடித்துக்கொண்டே ஒவ்வொரு உதைக்கும்
ஒரு விரல் மடக்கி,
வண்டி கிளம்பியதும் சிரித்தான்.
அஞ்சு, என்றான்.

எங்கள் தெருவில்
அதை வாய்விட்டுச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

ஸ்டேஷன்வரை ஒருநாள் போனேன்.
எதிரே தள்ளுவண்டியில்
தட்டுவடை செட் ஒன்று வாங்கி
நின்றபடி தின்றேன்.
காரம் கொஞ்சம் கூடுதல்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் கரண்ட் போனால்
தெருவே ஒன்றாகப் பேச ஆரம்பிக்கிறது.
பூங்காவனம் பாத்திரம் உருட்டுகிறாள்.
யாரோ செல்போனில் அம்மன் பாட்டுப் போடுகிறார்கள்.
இருமல் வராதவர்களும் இருமுகிறார்கள்.

நேற்று ராத்திரி இருட்டில்
எட்டாம் தறிக்கு வந்திருக்கும் புதுப் பையன்
என் கதவைத் தட்டி, தண்ணி, என்றான்.
பாயில் படுத்தபடியே சொன்னேன்:
கேக்கலப்பா,
தறி ஓடுது.